மீதி ஒன்று

ஸ்விஃப்ட் கரன்ட் தாண்டும்போது
ஓடோமீட்டரில் 510468.
இன்னும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.
பின்கட்டிலில் ஓலெக் குறட்டை விடுகிறான்.
அவனுக்கும் பின்னால், இருட்டில்,
வான்கூவர் துறைமுகத்துக்குப் போகும் மைசூர்ப் பருப்பு.

கண் அசராமலிருக்கச் சிலர் சூயிங்கம் மெல்வார்கள்.
நான் எண்களை மெல்கிறேன்.
முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்,
தானிய ரயிலின் பெட்டி எண்,
எடைமேடைச் சீட்டின் கடைசி ஐந்து இலக்கம்.
உடையாததைத் துப்பமாட்டேன்,
கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வேன்.

ஆனால் வரப்போவது வேறு.
இரண்டு மூன்று ஐந்து ஏழு
பதினொன்று பதின்மூன்று பதினேழு
முதல் ஏழு பகா எண்களும் கைகோத்தால் 510510.
எவரும் இரண்டாம் பந்தியில் உட்காரவில்லை.
நூற்றிருபத்தெட்டு வகுத்திகள்.
தன்னை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கூட்டினால்
தன்னைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.
மிகை எண் என்று இதற்குப் பெயர்,
எங்கள் சம்பளச் சீட்டில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.
எழுநூற்றுப் பதினான்கை
அடுத்த வீட்டு எழுநூற்றுப் பதினைந்தால் பெருக்கினாலும்
இதே வாசலில்தான் வந்து நிற்பீர்கள்.

ஒரு கிலோமீட்டர் நேரம்தான் நிற்கும்.
ஓலெக்கை எழுப்பலாமா என்று யோசித்தேன்.
எண்ணுக்காக எழுப்பினேன் என்றால்
பிரிட்டிஷ் கொலம்பியா வரை பேசமாட்டான்.

510509.
அறுபத்தொன்றால் வகுபடும், அவ்வளவுதான்.

அப்போது வடக்கிலிருந்து ஒரு காற்று
வயல்களில் கிடந்த பனியையெல்லாம் வாரி
கண்ணாடியில் அறைந்தது.
சாலை இல்லை.
வெள்ளைக் கோடு இல்லை.
முன்வண்டியின் சிவப்பு விளக்கு இருந்தது,
அதுவும் இல்லை.
முட்டையை மிதிப்பதுபோல் பிரேக்கில் கால்,
மூச்சை எங்கே வைத்தேனென்று தெரியாது.

வெளுப்பு விலகியது.
510511.

முதலில் திட்டினேன், தமிழில், வாய் நிறைய.
பிறகு பழக்கம் விடவில்லை,
அந்த ஏழு பேரையும் கூப்பிட்டேன்.
ஒவ்வொருவரும் கதவைத் தட்டிப் பார்த்து
மீதி ஒன்று என்று சொல்லித் திரும்பினார்கள்.
ஒரு கிலோமீட்டருக்கு முன்வரை எல்லோருக்கும் உறவு,
இப்போது ஒருவருக்கும் இல்லை.
பகா எண்ணாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை.

பத்தொன்பதில் விரிசல் கண்டது.
மிச்சத்தை மேப்பிள் க்ரீக் தாண்டியும் மென்றேன்,
மெடிசின் ஹாட் விளக்குகள் தெரியும்போது
தொண்ணூற்றேழும் இருநூற்றெழுபத்தேழும்
தனித்தனியே கழன்று வந்தன.
யாரும் அழைக்காத மூன்று பேர்,
இவ்வளவு நேரமும் உள்ளேதான் இருந்திருக்கிறார்கள்.

ஓலெக் எழுந்து கண்ணைக் கசக்கினான்.
ஏதாவது நடந்ததா என்றான்.
பனி என்றேன்.
மீட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு
காபி வாங்க இறங்கினான்.

கல் லேக்குக்குக் கிழக்கே எங்கேயோ
நான் பார்க்காத அந்தக் கிலோமீட்டர்.
பருப்பு மட்டும் அதன்மேல் போய் வந்திருக்கிறது.