ஆறுகிற நிறம்

எண்ணூர்ப் பக்கம் கரண்ட்டு செய்கிறார்கள்.
எர்ணாவூரில் கரண்ட்டு இல்லை.
மே மாதம், ராத்திரி ஒன்பதே கால்.
ஏழாம் பிளாக் முழுசும் பாயோடு
மொட்டை மாடி ஏறிவிட்டது.

முதலில் பார்த்தது தேசப்பன்.
"மணலி நெருப்புல ஒரு துண்டு பிச்சிக்கினு வந்துட்சி பாரு."
இல்லை. மணலி நெருப்பு மேற்கே
இருந்த இடத்திலேயே வானத்தை நக்கிக்கொண்டிருந்தது.
இது ஏறக்குறைய நேர் உச்சியில்.
சப்தரிஷியின் வால் வளைகிற வளைவிலேயே
கண்ணை இழுத்துப் போனால் நிற்கிற இடம்.

நான் காசிமேட்டில் கேஸ் கட்டர்.
பழைய இரும்புப் படகுகளின் அடித்தகடு அறுக்கிறவன்.
எனக்கு நிறம் என்றால் சூடு.
டார்ச் முனையில் நீலமாய் ஓர் அரிசி நிற்கும்,
அதுதான் எமன்.
மஞ்சளுக்கு மரியாதை கொடுக்க வேண்டும்.
ஆரஞ்சா, அது ஆறத் தொடங்கிவிட்டது.
அதனால் சொன்னேன்:
"இது ஆறிக்கினு கீற நட்சத்திரம்பா."
யாரும் நம்பவில்லை.

ஜெபராணியின் போனில் எட்டு சதவீதம் சார்ஜ்.
மேலே காட்டினாள். பெயர் வந்தது: சுவாதி.
"எங்க நாத்தனார் நட்சத்திரம்" என்றாள்,
பாதி ஆர்வம் அங்கேயே போய்விட்டது.
மீதியை மீன் ஏலம் கூவுகிற குரலில் படித்தாள்.
மேல்தோல் நாலாயிரம் டிகிரி,
சூரியனுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு.
(எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.)
எடை கிட்டத்தட்ட சூரியன் எடைதான்.
அகலம் இருபத்தைந்து மடங்கு.

"அதே மாவுல இருவத்தஞ்சு மடங்கு பூரியா?"
தேசப்பன் கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை.
சரியான கேள்வி அது.

நடுவிலிருந்த ஹைட்ரஜன் தீர்ந்துபோச்சாம்.
தீர்ந்த அடுப்பு அணையாமல்
சாம்பலைச் சுற்றி வளையமாய் எரிகிறதாம்,
முன்னைவிட மூர்க்கமாய்.
அது தாங்காமல் உடம்பு ஊதி,
ஊதினதால் தோல் குளிர்ந்து,
குளிர்ந்ததால் இந்த நிறம்.
ஆறின தோல்தான், ஆனாலும் அத்தனை பரப்பு:
நூற்றெழுபது சூரியன் கொடுப்பதை ஒன்றாய்க் கொடுக்கிறது.
உள்ளே தீர்ந்தவன் வெளியே பெருத்துத் தெரிவான் என்பதற்கு
எனக்கு ஒரு சீட்டுக் கம்பெனிக்காரனைத் தெரியும்.
இப்போது அந்தப் பேச்சு எதற்கு.

தூரம்: வெளிச்சம் வந்து சேர முப்பத்தேழு வருடம்.

மாடி சும்மா இருந்தது, கணக்குப் போட்டது.
முப்பத்தேழு வருடத்துக்கு முன்னால்தான்
கடலோரத்துக் குடிசைகள் எரிந்து
இந்த பிளாக்கில் ஒதுக்கீட்டு ஆணை கொடுத்தார்கள்.
கிரயப் பத்திரம் பின்னால் வரும் என்றார்கள்.
அன்றைக்கு அங்கிருந்து புறப்பட்டது
இதோ வந்துவிட்டது,
கரண்ட்டு போன நேரமாய்ப் பார்த்து.
பத்திரம் வரவில்லை.
கட்டடம் பழுது, காலி செய்யவும் என்று நோட்டீஸ் வந்தது.
பால் கணக்கு எழுதியிருந்த கதவில்
கணக்கின் மேலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள்.

இன்னும் ஒன்று படித்தாள் ஜெபராணி.
சூரியனும் அக்கம்பக்கமும்
ஒரே தட்டில் ஒரே பக்கமாய்ச் சுற்றிக்கொண்டிருக்க,
இது குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறதாம்.
நொடிக்கு நூற்றிருபது கிலோமீட்டர்;
எர்ணாவூரில் தும்மினால்
தும்மி முடிக்கும்போது நாயுடுப்பேட்டை தாண்டியிருக்கும்.
எந்தக் கூட்டத்திலிருந்து வந்தது, திட்டமாகத் தெரியாது.
இன்னும் நாலாயிரம் வருடத்தில் நமக்கு ரொம்பக் கிட்டே வரும்.
அப்புறம் விலகி, விலகி,
ஒரு நாள் வெறுங்கண்ணுக்கு

போன் அணைந்தது.

"ஒரு நாள் இன்னா?" என்றான் தேசப்பன்.
எனக்குத் தெரியும், சொல்லவில்லை.
அறுத்த தகடு மணலில் விழுந்து கிடக்கும்.
பார்த்துக்கொண்டேதான் இருப்போம்,
ஆனாலும் எந்த நொடியில் கறுத்தது என்று
யாராலும் சொல்ல முடிந்ததில்லை.

பதினொன்றே காலுக்குக் கரண்ட்டு வந்தது.
பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.
தெருவிளக்கும் ஆரஞ்சுதான், வானம் பாதி போய்விட்டது.
பாய்கள் சுருண்டு படியிறங்கின.
தேசப்பன் மட்டும் எழுந்திருக்கவில்லை,
தலைக்குக் கை கொடுத்து மல்லாந்தபடி கிடந்தான்.

"நீ போ.
இவன் கிளம்பறத பாத்துட்டு வரேன்."