சட்டைப்பின்

மூன்று மணிக்குக் கூட்டம்.
மைக் இருமி முடிக்க மூன்றே முக்கால்.
கல்லடியில் ஒரு மேல்மாடி மண்டபம்.
கதிரை அறுபது, ஆள் முப்பத்தொன்று,
அம்மாவையும்
மழைக்கு ஒதுங்கிய லொத்தர்க்காரரையும் சேர்த்து.

முதலில் விரிவுரையாளர் சிவகடாட்சம்.
பதினொரு கதையில் எட்டைப் படித்ததாக
நேர்மையாகவே சொன்னார்.
"மட்டக்களப்புப் புத்தகம். வாவி வருகிறது.
ஆனால் ஓரிடத்திலும் மீன் பாடவில்லை."
என் கதைகளில் மீனை வெட்டுகிறார்கள்.
செதில் முழங்கைவரை ஒட்டுகிறது.
ஐஸ் கரையுமுன் விலை பேச வேண்டும்.
யார் பாடுவது?

அடுத்தவர் அக்கரைப்பற்றிலிருந்து
இரண்டு பஸ் மாறி வந்த நுஃபைல் சேர்.
எழுத்துப்பிழை நூற்றுப் பன்னிரண்டு என்றார்,
பக்க எண்ணோடு.
பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு
ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தார்:
"மழை விட்டதும் அவள்
கடையை மடக்கிக் கைப்பைக்குள் வைத்தாள்."
"இந்தத் தலைமுறையின் படிமம் இது" என்றார்.
சபை கை தட்டியது.
நான் எழுதியது குடை.
அச்சுக்கூடத்தில் ஒரு கொம்பு உதிர்ந்திருக்கிறது.
நூற்றுப் பதின்மூன்றாவது பிழைக்கு
எழுந்து வணக்கம் சொன்னேன்.

தேவசுந்தரி அக்கா "மறுகா"க்களை எண்ணியிருந்தார்.
முப்பத்தாறு.
"கொழும்பில் யாருக்கு இது விளங்கும் தங்கச்சி?"
பின்வரிசையில் ஒருவர் குறுக்கிட்டு
"மறுகா இன்னும் வந்திருக்கலாம்" என்றார்.
யுத்தமும் கொஞ்சம் கூட வந்திருக்கலாமாம்.
சொதிக்கு உப்புக் குறைந்த குரலில்
அதைச் சொன்னார்.

ஞாயிறு பத்திரிகையில் நாலு அங்குலம்.
"நம்பிக்கை தரும் இளம் எழுத்தாளர்
விதுர்ஷனா" என்று போட்டிருந்தார்கள்.
நான் விதுஷணா.
நம்பிக்கை தருகிறவள் வேறு யாரோ.

எல்லோரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்:
ஒன்பதாவது கதைதான் சிறந்தது.
எட்டுக் கதை படித்தவர்கூட
அதைப் படித்திருந்தார்.
காணாமல் போனவனின் அடையாளம் கேட்கும்
ஒவ்வொரு விசாரணையிலும்
ஒரே சட்டையைச் சொல்லும் பெண்ணின் கதை.
"எவ்வளவு அடக்கமான எழுத்து" என்றார்கள்.
"கண்ணீர் இல்லாமல் அழவைக்கிறது" என்றார்கள்.

அது என் அடக்கமில்லை.
சுகந்தமலர் அப்படித்தான் பேசுவாள்.

எங்கள் ஒழுங்கையில் மூன்றாம் வீடு.
உடுப்புத் தைக்கிறாள்.
பிளவுஸுக்கு அளவெடுக்கும்போது சொன்னதுதான் எல்லாம்,
அளவு நாடா கழுத்தில் தொங்க,
வாயில் ஊசி கவ்வியபடி.
நான் பெயரை மாற்றினேன்.
ஊரை ஆரையம்பதிக்குக் கொண்டுபோனேன்.
தம்பியை அண்ணனாக்கினேன்.
சட்டையை விட்டுவிட்டேன்:
மாம்பழ மஞ்சள், இடது பையில்
நீல மை ஊறின வட்டம்.
மறந்துபோய் விட்டதில்லை.
அது இல்லாமல் கதை நிற்கவில்லை.

புத்தகத்தை அவளாகக் கேட்டு வாங்கினாள்.
பத்தாம் நாள் திருப்பித் தந்தாள்,
பழைய காலண்டர் தாளில் உறை போட்டு.
"மற்றதெல்லாம் நல்லா இரிக்கி புள்ள."
வேறொன்றும் சொல்லவில்லை.
கதவடியில் நின்று
என் பிளவுஸின் தோள் தையலைப் பார்த்தாள்,
இழுக்கிறதா என்று.

உள்ளே வந்து திறந்தேன்.
எண்பத்து மூன்றாம் பக்கத்திலிருந்து
தொண்ணூற்றிரண்டு வரை
ஒன்பதாவது கதையின் தாள்களை அடுக்கி
ஒரு சட்டைப்பின் குத்தியிருந்தாள்.
கோணலில்லாமல்.
கை மடிப்புக்குக் குத்துவது போல.

இரண்டாம் பதிப்புக்கு அச்சுக்கூடம் அவசரப்படுத்துகிறது.
கொம்பைப் போட்டுக் கடையைக் குடையாக்கினேன்.
நூற்றுப் பன்னிரண்டையும் திருத்தினேன்.
சட்டைக்குப் பச்சை போட்டுப் பார்த்தேன்,
கோடு போட்டுப் பார்த்தேன்.
ஒவ்வொரு நிறத்திலும் அவன்
வேறு யாருடையவோ தம்பி ஆனான்.

வருகிற சனி கல்முனையில் இன்னொரு கூட்டம்.
ஒன்பதாவது கதையை
ஆசிரியரே வாசிக்க வேண்டுமென்று
அழைப்பிதழிலேயே அடித்துவிட்டார்கள்.
கைப்பையில் அவள் திருப்பித் தந்த பிரதிதான் இருக்கிறது.
பின்னைக் கழற்றவில்லை.
கடற்கரைக் காற்றுக்கு அது
துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது.
எண்பத்து மூன்றாம் பக்கத்தில்,
தலைப்புக்குக் கொஞ்சம் கீழே,
மஞ்சளாக ஒரு வட்டம்.