படி

ஜெனரேட்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றதும்
வீட்டுக்காரர் முத்திருளப்பன்
"டீசலா, மண்ணெண்ணெயா?" என்றார்.
கே.புதூரில் அன்று சாயங்காலத்திலிருந்து கரண்ட் இல்லை.
கீழே அவருடைய ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.
மேலே என்னுடையது:
கேட்டால் ஒரு நாள் பில்லைத் தரும்,
கேட்காவிட்டால் விட்ட இடத்திலேயே கிடக்கும்.
புகை கிடையாது.

ஒச்சம்மாள் பூ மண்டியின்
பதினொரு வருஷத்துக் கணக்கு.
மல்லி, பிச்சி, சம்பங்கி, கனகாம்பரம்,
எடை, விலை, கமிஷன், சாக்குக் கழிவு,
கொண்டுவந்தவர் பேர்,
அவர் போன மாசம் வாங்கிப்போன முன்பணம்.
நாற்பத்தொரு லட்சம் வரி.
எல்லாவற்றையும் ஒரே தூக்காகத் தூக்க
மாத வாடகைக்கு எடுத்த அந்தச் சின்ன சர்வருக்கு
இடுப்பில் வலு இல்லை.

வாங்கிப்போடும் டேட்டாபேஸோ
கோப்பாக இருந்தால்தான் கை நீட்டுவேன் என்றது.
நாள் நாளாகத் தந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.
கோப்புக்கு நான் எங்கே போக?
டிஸ்க்கில் இடம் கிடந்தால்
இந்தப் பேச்சே இல்லையே.

தோண்டிப் பார்த்ததில் தெரிந்தது,
அது கோப்பின் குலம் கோத்திரம் எதையும் விசாரிப்பதில்லை.
ஒரே ஒரு சொல்தான் சொல்லும்:
படி.
வாசி என்கிறதா, அளந்து போடு என்கிறதா?
இரண்டும்தான்.
படிக்கு எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பைட்.
குறைந்தால் பொறுக்கும்,
கூடினால் பொறுக்காது.

பதினெட்டு வரியில் ஒரு வகுப்பு எழுதினேன்.
உள்ளே ஜெனரேட்டர், இடுப்பில் ஒரு மடி.
படி நிறையும்வரை கேட்டுக் கேட்டு வாங்கு.
வழிந்ததை மடியில் கட்டு.
அடுத்த படிக்கு முதலில் மடியை உதறு.
சம்பங்கி நடுவில் அறுந்து
'சம்ப' இந்தப் படியிலும்
'ங்கி' அடுத்த படியிலும் விழலாம்.
அறுவதில் தப்பில்லை,
சிந்தக் கூடாது.
கை வெறுமையாக வந்தால்
கதை முடிந்தது, எழுந்திரு.

பதினொரு மணிக்கு ஓட்டினேன்.
சிவப்பாக ஒரு எழுத்து இல்லை.
எண்ணிப் பார்த்தால் இருபத்தேழு லட்சம்.

மிச்சப் பதினான்கு லட்சம்?

கடைசி வரியில் தேதி இருந்தது:
2020 மார்ச் இருபத்து நான்கு.
பொங்கலுக்கு ஒரு நாள், பந்துக்கு ஒரு நாள் என்று
நடுவில் வந்த வெறும் நாள்களை
மடியில் கிடந்த மிச்சம் மூடி மறைத்துவிட்டது.
அடுத்தடுத்து இரண்டு நாள் வெறுமையாக வரவும்
நான் எழுதிய வகுப்பு
எழுந்துவிட்டது.

இரண்டரை மணிக்கு ஒச்சம்மாளைக் கூப்பிட்டேன்,
மண்டியில் அது பட்டப்பகல்.
"அந்த மார்ச்சுல..."
"கடையச் சாத்தியிருந்தோம்த்தா,
ஊரே சாத்தியிருந்துச்சுல்ல.
அதுக்காக ஏறக்கட்டிட்டோமா?
எவன் சொன்னான் ஏறக்கட்டிட்டோம்னு?"
பின்னால் யாரோ பிச்சிக்கு விலை கத்தினார்கள்.
எவன் சொன்னான் என்று
நான் சொல்லவில்லை.

இரண்டு வரிதான் மாற்றம்.
வெறுங்கையோடு வந்தால் திரும்பவும் கேள்.
நூறு நாள் வெறுங்கையோடு வந்தாலும்
நூற்றோராவது முறை கேள்.
தீர்ந்தேன் என்று அதுவே வாய்விட்டுச் சொன்னால் மட்டும்
மடியைக் கடைசியாக ஒரு தரம் உதறிவிட்டு
வெறுமையை நீட்டு.

மூன்றரைக்கு டியூப்லைட் கண் சிமிட்டியது.
கீழே இருமல் நின்றது.
மாடிப்படியிலிருந்து முத்திருளப்பன் குரல்:
"கரண்டு வந்துருச்சுத்தா,
ஒன்னோடதையும் அமத்திரு!"

இருக்கட்டும்ணே என்றேன்.
என்னுடையது அப்போதுதான்
2021 தை முகூர்த்தத்துக்குள் நுழைந்திருந்தது.
கனகாம்பரம் கிலோ ஆயிரத்தைத் தாண்டி
ஏறிக்கொண்டிருந்தது.