நான்கு டிகிரி

ஊத்துக்கோட்டையில் இட்லி சாப்பிடும்போது
வண்டியைச் சுற்றி ஆறு பேர் நின்றார்கள்.
"லிட்டருக்கு எவ்வளவு தரும்?"
உண்மை சொல்ல வாய் வரவில்லை,
ஐந்து கூட்டிச் சொன்னேன்.

இரண்டரை டன். எண்பத்து நான்கு தவணை.
இருக்கை முதுகு பிடித்துவிடும்.
பொத்தானைத் தொட்டால் அடிவயிறு ஒரு சாண் உயரும்,
மழைத்தண்ணீரில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு
நடக்கிறவர் மாதிரி.
மூன்று வருடத்தில் அது கடந்த பெரிய மேடு
எங்கள் குடியிருப்பு வாசலின் வேகத்தடை.

எபனேசர்தான் கிளப்பிவிட்டான்.
நாகலாபுரம் தாண்டி மலைக்குப் பின்னால்
ஒரு மண்தடம், எந்த வரைபடத்திலும் இல்லை என்றான்.
இல்லாததை எங்கே பார்த்தாய் என்று
கேட்டிருக்க வேண்டும்.

தடம் இருந்தது. தடம் முழுக்கப் பாறை இருந்தது.
வண்டி ஏறியது, சும்மா சொல்லக்கூடாது, ஏறியது.
ஒரு சக்கரம் காற்றில்,
மூன்று சக்கரம் யோசனையில்.
காரைமுள் கதவை நெடுகக் கீறியபோது
என் முதுகுத்தோல் சிலிர்த்தது.
பிறகு ஓடை, முழங்கால் தண்ணீர்.
அதையும் கடந்து கரையேறிப் பத்தடி போனதும்
திரையில் மஞ்சள் விளக்கு, உடனே சிவப்பு,
மிக மரியாதையான ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல்:
அருகிலுள்ள சேவை மையத்தை அணுகவும்.

அருகிலுள்ளது தொண்ணூறு கிலோமீட்டர்.
தூக்கிய வயிற்றை மெல்ல இறக்கி
எருமை போல் உட்கார்ந்துவிட்டது.
இன்ஜின் ஓடும். கியர் விழாது.

ராள்ளபாடு என்றார்கள் ஊரை.
ராள்ளு என்றால் கல்லாம்.
தள்ள வந்தவர்கள் தள்ளிப் பார்த்துவிட்டு,
டிராக்டர்காரன் பிச்சாட்டூரில் கல்யாணச் சாப்பாட்டில் இருக்கிறான்,
காலையில்தான் என்றார்கள், பாதித் தமிழில்.
எபனேசர் ஒரு பையனுக்குச் சோடா எடுத்துக் கொடுத்தான்.
பாட்டில் வியர்த்தது.

அந்த வியர்வையைப் பார்த்துவிட்டுத்தான்
இந்திரவேணி கிட்டே வந்தாள்.
கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளர்,
தோளில் நீலப் பெட்டி.
"லோபல ஃப்ரிட்ஜ் உந்தா?"

கம்பம் சாய்ந்து இரண்டு நாளாய்க் கரண்ட் இல்லை.
பெட்டிக்குள் கடைசி ஐஸ்.
ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி,
விடிந்தால் முந்நூறு ஆடு.
சூடேறினால் வெறும் தண்ணி என்றாள்.

பின் இருக்கைகளுக்கு நடுவே
ஷாம்பெய்ன் வைக்கக் கம்பெனி செய்துகொடுத்த குழியில்
குப்பிகளை அடுக்கினாள்.
திரை நான்கு டிகிரி என்றது.
அதை நம்பாமல்
தன் தெர்மாமீட்டரையும் உள்ளே வைத்தாள்.

பேட்டரி இறங்கினால் ஃப்ரிட்ஜைத்தான் முதலில் அணைக்கும்,
அப்படி ஒரு புத்தி அதற்கு.
அதனால் மணிக்கொருதரம் எழுந்து
இன்ஜினைப் போட்டேன்.
எபனேசர் முதுகைப் பிடித்துவிடச் சொல்லிவிட்டுத்
தூங்கிப்போனான்.
ஹெட்லைட்டில் ஈசல் கொட்டியது.
அவள் வெளியே பாறையில் உட்கார்ந்திருந்தாள்.
ஒவ்வொரு தடவையும் இன்ஜின் சத்தம் கேட்டு
"எந்த?" என்பாள்.
"நாலுகு" என்பேன்.
அந்த இரவில் நாங்கள் பேசியது
அவ்வளவுதான், ஒன்பது முறை.

விடியலில் புழுக்கைவாசம் முதலில் வந்தது.
பிறகு ஆடுகள், ஓடையைத் தாண்டி, பாறையைத் தாண்டி,
நாங்கள் அரைநாள் முக்கி ஏறிய தடத்தில்
கொறித்துக்கொண்டே வந்தன.
ஒரு கிடா பானெட்டில் ஏறி நின்றது.
நான் விரட்டவில்லை.
ஒவ்வொரு கழுத்தையும் கிள்ளிப் பிடித்து
ஊசியை ஏற்றினாள்.
எண்ணிக்கை விட்டுப்போனால் என்னைக் கேட்டாள்.
நூற்றுப் பதினொன்று என்றேன், பெருமையாக.

டிராக்டர் பத்துமணிக்கு வந்தது.

அம்பத்தூரில் சர்வீஸ் இளைஞன்
வண்டியின் வயிற்றில் வயர் செருகிப் படித்தான்.
"சென்சார் ஒன்று நனைந்திருக்கிறது சார், சின்ன விஷயம்.
நகராத வண்டியில் ராத்திரி முழுக்க
விட்டுவிட்டு இன்ஜின் போட்டிருக்கிறீர்கள், ஏன்?"

"ஆடுகளுக்காக" என்றேன்.

என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.
பிறகு கீபோர்டில் ஏதோ
நீளமாக அடித்தான்.