இலவசக் கணக்கு

மாதம் நான்கு வெள்ளி என்று
அந்தக் கணக்குத்தாளுக்குச் சந்தா இருந்திருந்தால்
எங்களில் ஒருவர் அதை நிறுத்தியிருப்போம்.
வழக்கறிஞர் எழுதிய பட்டியலில்
குளிர்பதனப் பெட்டிக்கும் மெத்தைக்கும் நடுவே
அதற்கும் ஒரு வரி கிடைத்திருக்கும்.

இலவசம்.
அதனால் யாருக்கும் நினைவில்லை.

செங்காங் வீட்டுச் சாவி கிடைத்த வாரம்
தவசீலன்தான் தொடங்கினான்.
தேதி, பொருள், குறிப்பு, தொகை, யார்.
'யார்' என்பதில் அவன் நீலம், நான் மஞ்சள்.
வரம்பைத் தாண்டினால் கட்டம் தானே சிவக்கும்.
முதல் மாதமே சிவந்தது, திரைச்சீலைக்காக.
திரைச்சீலை வந்து சேராத அந்த வெற்று ஜன்னலடியில்
சிவப்பைப் பார்த்து இருவரும் சிரித்தோம்.

அவன் ஈசூனில் அறை எடுத்துப் போய் எட்டு மாதம்.
இன்னும் நீலத்தில் எழுதுகிறான்.
நானும் மஞ்சளை விடவில்லை.
ரோஷம் என்று சொல்லலாம்,
பழக்கம் என்றும்.

கீழே நிற்கும் மொத்தத்துக்கு
நாங்கள் பிரிந்தது தெரியாது.
அவன் சலவைக்குப் போட்ட ஐந்து வெள்ளியையும்
என் பராமரிப்புக் கட்டணத்தையும்
ஒரே வீட்டுச் செலவாகக் கூட்டி வைக்கிறது.
'ஜப்பான்' என்ற சேமிப்பு
இருபத்தொரு விழுக்காட்டில் நிற்கிறது.
யாரும் போடவில்லை.
யாரும் எடுக்கவும் இல்லை.

விரைவு ரயிலில் நின்றபடி படிக்கிறேன்,
சிலர் ராசிபலன் படிப்பதுபோல.
கலவைச் சோறு 4.20
கலவைச் சோறு 4.20
கலவைச் சோறு 5.00
(எண்பது காசுக்கு ஒரு முட்டை)
கொசுவத்தி
பனடோல்
மறுநாளும் பனடோல்.

பலதுறை மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுப்பவள் நான்.
தலைவலியா, காய்ச்சலா, எத்தனை நாளாக என்று
எண் எடுத்து வரும் அத்தனை பேரையும் கேட்கிறேன்.
இவனைக் கேட்பதற்கும் ஒரு பத்தி இருக்கிறது.
மூன்றாவது.
எட்டு மாதமாக இருவருமே அதைத் தொடவில்லை.

கூட வேலை பார்க்கும் ஹஸ்லினா
தன் கைப்பேசியில் வேறொரு செயலியைக் காட்டினாள்.
அதுவும் இலவசம்தான்.
வங்கியோடு தானே பேசிக்கொள்ளுமாம்,
நாம் எதையும் எழுதவே வேண்டாமாம்.
எழுதவே வேண்டாம் என்றால்
எனக்கு எதற்கு?

போன சனிக்கிழமை, நீலத்தில்:
கோப்பி இரண்டு. 2.80

இரண்டு.

தட்டுப்பிழையாக இருக்கும் என்று
வகுத்துப் பார்த்தேன்.
ஒன்று நாற்பது, ஒன்று நாற்பது.
கணக்கு சரியாக வந்ததற்கு இவ்வளவு எரிச்சல்
பள்ளிக்கூடத்தில்கூடப் பட்டதில்லை.

அன்று மாலை
வேண்டுமென்றே கீழே இறங்கிப் போய்
கோப்பிக் கடையில் தனியாக உட்கார்ந்து
மஞ்சளில் எழுதினேன்:
கோப்பி ஒன்று.
எண்ணால் அல்ல, எழுத்தால்.

ஞாயிறு முழுக்க ஒன்றுமில்லை.

திங்கள் காலை, ஐந்தே முக்கால்.
அவனுடைய அந்தச் சனிக்கிழமை வரியில்
மூன்றாவது பத்தியில்
என்னவோ இருந்தது.
குறுகலான பத்தி. தொகை வந்து மறைத்ததில்
பாதிதான் தெரிந்தது:
'இரண்டும் என'

ஓரத்தை விரலால் பிடித்து இழுத்தேன்.
'இரண்டும் எனக்கே. இரவு வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.
கண்ணைச் செருகுகிறது.'

பதில் எழுதவில்லை.
என்ன தலைப்பின் கீழ் எழுதுவது?
உணவா, போக்குவரத்தா, இதர செலவா?
ரயில் வேறு வந்துவிட்டது,
செராங்கூனில் மாற வேண்டும்.

இழுத்த பத்தியைச் சுருக்காமல்
அப்படியே மூடினேன்.
அவன் திறந்தாலும்
அந்த அகலத்தில்தான் திறக்கும்.