உப்புநீர்த் திரி

ஆறு வருசமாய் ஓட்டோ ஓட்டுறன்.
முள்ளியவளை, தண்ணீரூற்று, கேப்பாப்புலவு,
எங்கை கேட்டாலும் போவன்.
வட்டுவாகல் பாலம் எண்டால் மட்டும்
"டயர் சரியில்லை, அக்கா."

பின்சீட்டிலை ஒருத்தி இருக்கிறாள்.
காசு தாறேல்லை, இறங்கிறதுமில்லை.
என்ரை குரலிலேயே கதைப்பாள்:
"உனக்கு ஏலாது. திருப்பு."
கோயிலிலை கற்பூரத்துக்கு முன்னாலும்
எனக்கு முதல் அவள்தான் கும்பிடுவாள்.
நான் கேட்க வந்தது மறந்துபோகும்.

நேற்றுப் பொழுதுபடுற நேரம்
அருள்மேரி ஏறினா.
மடியிலை பெட்டி, நாற்பது கோழிக்குஞ்சு.
"முள்ளிவாய்க்கால் மேற்கு. கெதியாய், பிள்ளை,
குளிர் பிடிச்சால் செத்துப்போம்."
டயர் புதுசு. அதை அவவே கண்டிட்டா.

பாலத்தடியிலை என்ஜின் நிண்டது.
நான்தான் நிப்பாட்டினது.
இரண்டு பக்கமும் தண்ணி,
கையெட்டுற தூரத்திலை, சத்தமில்லாமல்.
பின்னாலை அவள் தொடங்கீட்டாள்.
கண்ணாடியிலை முதன்முதலாய் நேராய்ப் பார்த்தன்.
பத்தொன்பது வயசு.
பாவாடை இடுப்புவரை ஈரம்.
ஒரு கையிலை செருப்பு,
மற்றக் கை ஆரையோ பிடிச்ச மாதிரியே மடங்கி,
வெறுமையாய்.
எதிரி எண்டு நினைச்சிருந்தன்.
அவள் இன்னும் கடந்து முடிக்கேல்லை,
அவ்வளவுதான்.

வற்றாப்பளை அம்மனுக்குக்
கடல்தண்ணியிலை விளக்கெரியும்.
சின்னனிலை நான் எக்கிப் பார்த்தது
உள்ளுக்கை எண்ணெய் இருக்கோ எண்டு.
இந்தத் தண்ணியும் உப்புத்தானே?

அப்ப நந்திக்கடல் அகல்.
பாலம், ஓரம் இடிஞ்சு பிசிறு கிளம்பின திரி.
நுனியிலை என்ரை ஒற்றை லைற்.
சுடர் ஓடாது, ஊரும்.
முதலாம் கியரிலை ஊர்ந்தன்.
தண்ணிக்குள்ளை கிடக்கிறவை ஆரெண்டு
கேட்கேல்லை.
எரியிறதுக்கு அவையும் வேணும்.

நடுப்பாலத்திலை எதிரை ஒரு பட்டா.
ஹோர்ன் அடிச்சான், அடிச்சான்.
நான் அசையேல்லை.
அவன்தான் றிவேர்ஸ் எடுத்தான்.
பின்சீட்டிலை அவள்
குஞ்சுப்பெட்டியிலை காது வைச்சுக்
கேட்டுக்கொண்டிருந்தாள்.

அங்காலை போய் இறங்கி
நானூறு கேட்டதுக்கு அருள்மேரி
முந்நூற்றைம்பது தந்தா.
இருட்டீட்டுது.
திரும்பிப் போறதுக்கும் அதே பாலம்தான்.
வயிறு பழையபடி பிசையுது.

"வாறியோ?" எண்டன் பின்னுக்கு.
ஒண்டும் சொல்லாமல்
ஈரப் பாவாடையைப்
பிழிஞ்சாள்.