ஏழாவது அடி

வேன் கவிழ்ந்தது திருமயத்துக்கு இந்தப் பக்கம்,
கோட்டை கண்ணுக்குத் தெரிகிற வளைவில்.
திருச்சியில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில்
பனி கொட்டும் ஊர்களைப் பற்றி
நாலு இங்கிலீஷ் பாட்டுப் பாடிவிட்டு வந்தோம்.
எங்களுக்குத் தெரிந்த பனியெல்லாம்
மார்கழியில் மூக்கு ஒழுகுவதுதான்.

தவசி மட்டும் எழுந்திருக்கவில்லை.
அவனுடைய ஸ்னேர் டிரம், ஒரு கீறல் இல்லாமல்
கருவைப் புதருக்குள் உருண்டுபோய்
வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

கோட்டையூரில் எடுத்தார்கள்.
அத்தைமார் தோள்கோத்து வட்டமாய் உட்கார்ந்து
மாரில் அடித்து அழுதார்கள்.
*தாளம் அடிச்ச கைய
துணி சுத்திக் கட்டினீகளே.*

அழுதுகொண்டிருந்த நான்
எண்ணத் தொடங்கினேன்.
மூன்று, இரண்டு, இரண்டு.
ஏழு.
மறுபடி எண்ணினேன். ஏழேதான்.
ஏழாவதில் கை விழவில்லை,
மூச்சு மட்டும் விழுந்தது.
நிமிர்ந்தால், எதிரே லேனாவின் விரல்
வேட்டி மடிப்பில் எண்ணிக்கொண்டிருந்தது.
கண்ணைத் திருப்பிக்கொண்டோம்,
ஒரே வீட்டில் தனித்தனியே திருடப் போய்
இருட்டில் முட்டிக்கொண்டவர்களைப் போல.

கானாடுகாத்தானில் லேனா வீட்டுக்குப்
பதினேழு பங்காளிகள், பதினேழு சம்மதம்.
கல்யாணம், படைப்பு தவிர திறக்காத கதவை
மூன்று மாதத்துக்கு வாங்கினோம்.
ஆத்தங்குடிக் கல்லில் ஆம்ப்ளிஃபயரை இறக்கும்போது
காவல்காரர் சொன்னது ஒன்றுதான்:
"கீறல் விழாம."

வளவில் ஒரு அடி அடித்தால்
மூன்று அடியாகத் திரும்பி வந்தது.
ஹில்டா கல்யாண ஜமுக்காளங்களைத்
தூணுக்குத் தூண் தொங்கவிட்டாள்.
பழைய பாட்டுத் தேடி
பள்ளத்தூர், கொத்தமங்கலம் என்று அலைந்தோம்.
நூறு நாள் வேலையில் இருந்த பெண்கள்
போனில் சினிமாப் பாட்டை நிறுத்தாமலே கேட்டார்கள்,
"எங்ககிட்ட என்ன இருக்கு, நீங்க பாடுங்களேன்."
ஹில்டா பனிப்பாட்டில் ஒன்றைப் பாடினாள்.
"நல்லாத்தான் இருக்கு, யாரு செத்தது?" என்றாள் ஒருத்தி.

இருளாயி, தவசியின் சின்ன அத்தை,
மைக்கைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.
"சாவு விழாத வீட்ல ஒப்பாரி ஆகாதுப்பா."
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
லேனா போய்
தவசியின் டிரம் ஸ்டூலை எடுத்துவந்து
நடு வளவில் வைத்தான்.
அதன் ரெக்சினில் அவன் உட்கார்ந்த பள்ளம் இருந்தது.
நாற்பது நிமிஷம் பாடினார்.
மூக்கைச் சிந்திவிட்டு,
காரைக்குடி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அதன் பிறகு எங்களுக்குப் பனி பெய்யவில்லை.
என் பேஸ் கிட்டார் ஏழில் நடக்கப் பழகியது,
முதலில் ஒரு கால் குட்டையான நாற்காலி போல,
பிறகு அது இல்லாமல் நடக்க முடியாதது போல.

முதல் கச்சேரி காரைக்குடியில், ஒரு மண்டபத்தில்.
மூன்றாம் பாட்டில் ஒரு பெரிய மனுஷர் எழுந்தார்.
"நாளைக்கு இதே மேடைல தாலி கட்டணும்.
ஒப்பாரியா பாடுறீக?"
யாரோ மெயினை அணைத்தார்கள்.
இருட்டில் கிட்டார்கள் செத்தன.
ஹில்டாவின் குரல் மட்டும் நிற்கவில்லை.
பின்வரிசையில் ஒரு பெண்
தன்னையறியாமல் மாரில் அடித்துக்கொண்டாள்.
சரியாக ஆறு.

அந்த ஹில்டாதான் தை மாதம் விலகினாள்.
"செத்தவங்க வார்த்தையையே பாடிக்கிட்டிருந்தா
என் வார்த்தையை நான் எப்பப் பாடுறது, நைனா?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
லேனா இப்போது எலெக்ட்ரிக்கே வேண்டாம் என்கிறான்.
நான் இரண்டு பேருக்கும் நடுவில்
வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கிறேன்.

புது டிரம்மர் தேவகோட்டைப் பையன்,
கெட்டிக்காரன், வேகமானவன்.
ஏழாவதிலும் அடிக்கிறான்.
அங்கே அடிக்காதே என்று சொல்ல வேண்டும்.
ஏன் என்று கேட்பான்.